ஒத்திலியா என்ற டேலியா

வண்டியைக் கிளப்பும் முன் ஒரு டேலியாப் பூவைத் தலைகீழாகப் பிடித்து எறும்பை உதறுவார் ஃபிதென்சியோ. அதைக் கண்ணாடிக்கு முன்னால் செருகிவிட்டுத்தான் சாவியைத் திருகுவார். மலின்சே மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வமாந்த்லா சந்தைக்கு வேன் ஓட்டுகிறவர் அவர். ஜூலை தொடங்கிப் பனி விழும்வரை வண்டியில் பூ இல்லாத நாள் கிடையாது.

வீட்டைச் சுற்றிலும் பெயின்ட் டப்பா, பன்றிக்கொழுப்பு டின், உடைந்த வாளி. எல்லாவற்றிலும் டேலியாதான். விதை போட்டுப் புதுப்பூ ஏதாவது வந்தால், தெரிந்தவர் பெயர் ஒன்றை அதற்கு வைத்துவிடுவார். இது என்ன பழக்கம் என்று கேட்டுவிட்டால் போதும், வண்டியின் வேகம் பாதியாகிவிடும்.

"நம்ம மலைப்பூ இது. தண்டு உள்ளே குழலா இருக்கும், அதனால பெரியவங்க தண்ணிக்குழல் பூன்னாங்க. ஸ்பெயின்காரன் கொண்டுபோயி, செத்துப்போன தால்னு ஒரு ஸ்வீடன்காரர் பேரை வச்சு டேலியான்னான். பாவம், அந்த மனுசன் இந்தப் பூவைப் பார்த்தாரோ இல்லையோ. நான் எனக்குத் தெரிஞ்சவங்க பேரை வைக்கிறேன், தப்பா?"

"என் பேரை வச்ச பூ மட்டும் ஏன் இத்தனை குண்டு?" என்பார் பின்சீட்டில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் எவுலோஹியா.

"சாடை வந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

டேலியா விதையை நம்ப முடியாது. வெள்ளைப் பூவின் விதையில் மஞ்சள் வந்து நிற்கும். அதே பூ வேண்டுமென்றால் கிழங்கைத்தான் காப்பாற்ற வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கிழங்கை வாரிக் கொடுக்கிற மனிதர், ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. கறுப்புத் திராட்சை நிறம், இதழ் நுனியில் வெள்ளை. மனைவி போட்ட விதை அது. முதல் மொட்டு விரிந்தபோது அவள் உயிரோடு இல்லை. ஒத்திலியா என்று அவள் பெயரையே அதற்கு வைத்தார். சந்தை விலைவாசி, மகன் ரமீரோவின் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பூவின் முன்னால் நின்றுதான் சொல்வார். பனிக்காலத்தில் மற்ற கிழங்குகள் கொட்டகையில் கிடக்கும். இது மட்டும் குளிர் தாக்காமல் சமையலறை மூலையில், கூடை மணலுக்குள் இருக்கும்.

இந்த ஜனவரியில் ரமீரோவுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் மரிசேலா மலைக்கு அந்தப் பக்கத்துப் பெண். அங்கே டேலியாக் கிழங்கை உருளைக்கிழங்கு போலச் சமைத்துச் சாப்பிடுவார்கள். புகுந்த வீட்டில் முதன்முதலாக அவள் தனியாகச் சமைத்த அன்று, மிளகாயும் தக்காளியும் போட்ட குழம்பை மேசைக்குக் கொண்டுவந்தாள். ஃபிதென்சியோ ஒரு துண்டைக் கடித்தார். கண் தானாக மூலைக்குப் போனது. கூடையில் மணல்தான் இருந்தது.

"கழுத்துப் பக்கத்தை என்னம்மா பண்ணினே?" என்று மெதுவாகக் கேட்டார். முளை விடுவது அங்கேதான்.

"அது வெறும் நாரு, மாமா. வான்கோழிக்குப் போட்டேன், ஒரு நிமிசத்துல தின்னு தீர்த்துடுச்சுங்க." ஏப்ரனில் கையைத் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்கம்மா செய்யிற மாதிரி செஞ்சேன். நல்லா இல்லையா?"

அந்தப் பூ இனி உலகத்தில் எங்கும் இல்லை. வாயிலிருந்ததை எப்படியோ விழுங்கினார். ரமீரோவுக்கும் அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகம் வெளுத்துப்போய், "ஐயோ, அது அம்மாவோட..." என்று வாயெடுத்தான்.

மேசைக்கு அடியில் மகனின் காலை அழுத்தி மிதித்தார் ஃபிதென்சியோ.

"அம்மாவோட கைப்பக்குவம் அப்படியே இருக்குன்னு சொல்ல வர்றான்" என்றார். மிதித்த காலை எடுக்காமலே, மருமகளிடம் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."