அம்மாவின் வயிற்றில் இரண்டு கிளிப்புகள்

முதல் நாளே அம்மா என்னிடம் சொன்னார்.

"கறுப்பாப் போகுது புள்ள. தார் மாதிரி."

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் அல்லவா நான்! உடனே பதில் சொன்னேன்: "இரும்புச்சத்து மாத்திரை போடுறீங்கல்ல, அதான். பயப்படாதீங்க."

என் பதிலை நம்பி நான்கு நாட்கள் வேலைக்குப் போனார். ஐந்தாம் நாள் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கூடையோடு மயங்கி விழுந்தார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மலம் கறுத்து, பசையாக, கெட்ட நாற்றத்தோடு போனால், என்னைப் போல் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், உண்மைதான். வயிற்றுக்குள் கசியும் இரத்தத்தாலும் கறுக்கும்.

ஹாலிஎலவிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். வாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை எண்டொஸ்கோபி (நுனியில் விளக்கும் கெமராவும் உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்ப்பது) செய்வதாக டாக்டர் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் சொல்லாததையும் சேர்த்து, போனில் வாசித்ததெல்லாம் கொட்டினேன். அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"வயித்தக் கிழிச்சா நான் மறுபடி மலை ஏற முடியுமா?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் பல வருடங்களுக்கு முன் வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர். நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள் வரை தையல் தழும்பு. அதன் பிறகு அவர் பாரம் தூக்கியதில்லை. அம்மாவின் கண்முன் நின்றது அந்தத் தழும்புதான். கூட வந்திருந்த அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை தொண்டையை மரத்துப்போகச் செய்யும் மருந்தை அடிக்க, வாயைத் திறக்கச் சொன்ன நர்ஸ் மிஸ்ஸி அப்படியே நின்றுவிட்டார். வாய் முழுக்கச் சிவப்பு.

"ஐயோ, ரத்தமா?"

"வெத்தலதாங்க மிஸ்ஸி."

"வெத்தலயா! எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னோமே!"

"ஆமாங்க, ஒன்னும் சாப்பிடலயே. பசி தெரியாம இருக்கத்தான் போட்டேன்."

மலையில் பகல் வரை பசியை அப்படித்தான் அடக்குவார்கள். வெற்றிலையை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. அத்தனை விளக்கம் கொடுத்த எனக்கும் அம்மாவின் சுருக்குப்பையை வாங்கி வைக்கத் தோன்றவில்லை. பரிசோதனை பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது. அந்த ஐந்து மணி நேரமும் உள்ளே கசிந்துகொண்டிருந்தால்? அம்மாவின் நகங்கள் வெளுக்கின்றனவா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தேன்.

பின்னேரம் டாக்டர் வெளியே வந்து ஒரு படத்தைக் காட்டினார். வயிற்றின் ரோஜா நிறச் சுவரில் ஒரு வெள்ளைக் குழி. அதன் நடுவில் கசிந்த இரத்தக் குழாயை இரண்டு கிளிப்புகள் (மிகச் சிறிய உலோகப் பிடிகள்) இறுக்கிப் பிடித்திருந்தன. கெமராக் குழாய் வழியாகவே உள்ளே அனுப்பி மாட்டியவை! தோள் வலிக்கு அம்மா கடையில் வாங்கி, வெறும் வயிற்றில் போட்ட வலி மாத்திரைகள் செய்த வேலை அந்தக் குழி.

"ஒப்பரேஷன்?" என்றேன்.

"தேவையில்ல."

கட்டிலுக்கு ஓடினேன். "கிழிக்கலம்மா! ஒரு தையல்கூட இல்ல!"

அம்மா போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவினார். நம்பவில்லை. இன்னொரு தரம் தடவினார். "அப்ப ஏன் தொண்ட மட்டும் வலிக்குது?"

"நீ போட்ட வெத்தலயத் தாண்டிக் கொழாய் உள்ள போகணும்ல," என்றார் அப்பா. அம்மா மயங்கி விழுந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

பயொப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வரும்வரை மூவரும் புற்றுநோய் என்ற சொல்லைச் சொல்லாமலே இருந்தோம். அது இல்லை என்று வந்தது. ஒரு மாதத்தில் அம்மா மலை ஏறினார். அதற்கும் ஒரு மாதம் கழித்து மறுபடி எண்டொஸ்கோபி. குழி இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும். கிளிப்புகளைக் காணோம். வேலை முடிந்தால் தானாக விழுந்து வெளியேறிவிடுமாம், தெரியவே தெரியாதாம்.

என்றைக்கு விழுந்திருக்கும்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் வரும்போது போனில் காலண்டரைத் திறந்து ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். அன்றைக்கு வலித்ததா? இன்னொரு நாள் ஏதாவது தோன்றியதா?

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக்கா இருந்தா என்ன புள்ள. அன்னைக்கும் கொழுந்து எடுத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்."