ஆறு தடவை

தமிழினி கிராம சுகாதார செவிலியர். மண்டகப்பட்டுப் பக்கம் நான்கு ஊர்களில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அவள்தான் தடுப்பூசி போடுவாள், எடை பார்ப்பாள், பால் கொடுக்கும் விதம் சொல்லித் தருவாள். அப்பா பாண்டுரங்கன் கடைசிவரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த வீட்டில் முதல் அரசாங்க வேலை இவளுடையது. ஊர்ப் பெண்களுக்கு அவளிடம் மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும் உண்டு.

போன சித்திரையில் செஞ்சி அரசு மருத்துவமனையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். அனு என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, ஐந்தாம் நாள் ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொன்னார்கள்.

தமிழினி போகவில்லை. பால் சரியாக ஊறவில்லை. மார்க்காம்பு வெடித்துவிட்டது. குழந்தை இரண்டு நிமிடம் சப்பும், அப்படியே தூங்கிப்போகும். அங்கே போனால் எல்லாரும் தெரிந்தவர்கள். ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவளுக்குத் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்று ஆகிவிடும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

கணவன் விமல்ராஜ் மின்வாரிய அலுவலகத்தில் இருந்தான். காலையிலிருந்து துணி நனையவே இல்லையே, பால் டின் ஒன்று வாங்கி வரட்டுமா என்று ஐந்தாம் நாள் மாலை கேட்டான்.

"நானே டின் பால் குடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு ஊருக்குள்ள போவன்? எனக்குத் தெரியாதா?" என்றாள். அவன் டின் வாங்கப் போகவில்லை.

மறுநாள் காலை குழந்தையின் துணியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை இருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீர் அப்படி வரும். எத்தனையோ தாய்மார்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். துணியை எடுத்துப் போய்த் தொட்டியடியில் அலசிக் கொடியில் போட்டாள்.

மதியத்துக்குள் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள். அழவில்லை. அவள் குரல் கேட்டு விமல்ராஜ் ஓடிவந்தான். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

டாக்டர் அனந்தி அவளைத் தெரிந்தவர். எடை இரண்டு கிலோ நானூற்று ஐம்பது. பாதம் வரைக்கும் மஞ்சள்.

"நேத்து எத்தன தடவ யூரின் போச்சு, சிஸ்டர்?"

"ஆறு தடவ," என்றாள் தமிழினி. தானாகவே வாயில் வந்துவிட்டது.

டாக்டர் எழுதிக்கொண்டார். விமல்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். சிறுநீர் சரியாகப் போயிருந்தால் இது பால் பற்றாததால் இருக்காது, ரத்தத்தில் கிருமி சேர்ந்திருக்கலாம், அந்த வழியில்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னார்.

தமிழினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டன். நேத்து ராத்திரி ஒரு தடவதான் போச்சு, அதுவும் கொஞ்சமா. இன்னிக்குக் காலைல செங்கல் நெறத்துல வந்துது. நான்தான் தொவச்சிப் போட்டுட்டன்."

டாக்டர் எழுதியதை அடித்தார். திட்டவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு நாள். ரத்தத்தில் உப்பு ஏறிக் கிடந்தது. அதை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், அவசரப்பட்டால் மூளை வீங்கும் என்றார்கள். மஞ்சள் இறங்குவதற்காகக் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே அனுவைப் படுக்க வைத்தார்கள். கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. பாலாடைக் கிண்ணத்தால் டின் பால் புகட்டினார்கள். அவளைவிடச் சின்னவளான ஒரு நர்ஸ், குழந்தையை மார்போடு அணைக்கும் விதத்தைக் கைபிடித்துக் காட்டினாள். தனக்குத் தெரியும் என்று தமிழினி சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மண்டகப்பட்டில் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். கேட்டு முடிப்பதற்குள் "எட்டு தடவ போச்சும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னவள். அன்றைக்குத் தமிழினி அதை அப்படியே பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தாள். எத்தனை பேர் தன்னிடம் இப்படிப் பயந்து சொன்னார்களோ.

அன்று சாயங்காலம் விமல்ராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நீ துணி அலசுனத நானும் பாத்தன். நீ நர்சு, உனக்குத் தெரியும்னு உட்டுட்டன். தப்பு எம்மேலயும்தான்."

அவன் பங்கு கேட்டதால் அவள் பங்கு குறையவில்லை.

அனு பிழைத்துக்கொண்டாள். மூளை ஸ்கேன் நன்றாக இருந்தது. மஞ்சள் அதிகமானால் காதைப் பாதிக்கலாம் என்பதால், காது கேட்கிறதா என்ற சோதனையை மூன்றாம் மாதம் பார்த்தார்கள். அதிலும் குறையில்லை. இருந்தும், கூப்பிட்டு அனு கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் தமிழினி இன்னொரு முறை கூப்பிடுவாள்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது எடை எட்டு கிலோ. இனிமேல் தடுப்பூசிக்கு மட்டும் வந்தால் போதும் என்றார் டாக்டர் அனந்தி. வண்டியில் திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்.

"பெருசானா இவகிட்ட இத சொல்லணுமா?"

விமல்ராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"மொதல்ல அவளுக்குப் பேச்சு வரட்டும்," என்றான்.