அக்கா சொன்ன அபிப்பிராயம்

கடைத்தெருவில் இன்று புதுப்புளி மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், ராயப்பன்பட்டியில் இப்போது தடமே இல்லாமல் போய்விட்ட புளிக்கொட்டகைக்குள் நான் மறுபடியும் சிறுமியாக உட்கார்ந்திருந்தேன்.

பெண்கள் கட்டையால் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்க, பள்ளியில் எழுத்துக் கற்ற என் அக்கா அருளாயி, வண்டியோட்டும் அந்தோணி மதுரையிலிருந்து வாங்கிவரும் நாவலை அந்தச் சத்தத்துக்கு மேல் குரலெடுத்து வாசிப்பாள். அத்தியாயம் முடிந்ததும் கொலை செய்தது யார், காதலன் யோக்கியன்தானா என்று பிசுபிசுத்த விரல்களோடு எல்லோரும் வழக்காடுவார்கள். அக்கா மட்டும் எதுவும் சொல்லமாட்டாள்.

அன்றைய கதையில், கல்யாணத்துக்கு முந்தின நாள் நாயகி காதலனோடு வீட்டைவிட்டுப் போய்விட்டாள்.

“பெத்தவுக மானத்தை வாங்கிட்டாளே, பாவி!” என்றாள் பெரியம்மா.

“கேட்டிருந்தா மட்டும் அவனுக்குக் கட்டிவச்சிருப்பாகளா?” என்றாள் அக்கா. குரல் உடைந்து, கண்ணீர் புத்தகத்தின் மேல் சொட்டியது.

கட்டைகள் ஓய்ந்தன.

“ஏடி, நீ யாரை நெனச்சு அழுகுற?” என்று அம்மா கேட்டாள்.

அந்தோணி வாங்கிவந்த அந்தப் புத்தகத்தை அக்கா மார்போடு இறுக்கிக்கொண்டாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தலை கவிழ்ந்த அவள் பக்கத்தில், நானே பிடிபட்டதுபோல் உடம்பு கூசி உட்கார்ந்திருந்தேன்.

தவக்காலம் முடிந்ததும் அவளைத் தேவாரம் என்ற ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தோணி அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் வண்டி ஓட்டிவரவில்லை. மிச்சமிருந்த புத்தகங்களை நான்தான் வாசித்தேன்.

“நீ என்ன சொல்ற, ஆத்தா?” என்று பெரியம்மா கேட்கும்போதெல்லாம், “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.