பன்னிரண்டாவது கேள்வி

என் மகளுக்குக் காலையில் வாந்தி வரும். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் வரும். ஞாயிற்றுக்கிழமை வராது. பூஜை லீவு முழுக்க ஒரு நாள்கூட வரவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் என் கண்ணில் பட ஒரு வருஷம் ஆனது.

நான் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு டிபன் கடையில் தோசைக்கல்லில் நிற்கிறவன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வங்காள ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழ் எழுதுவேன், வங்காளம் பேசுவேன். இங்கிலீஷில் எண் மட்டும் தெரியும். மனைவி பத்தாவது வரை படித்தவள். மகள் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கோபம் வந்தால் வங்காளத்தில்தான் பேசுவாள்.

டாக்டரிடம் போனோம். வயிற்றில் வாயு, கேஸ் என்றார். ஹோமியோபதிக்காரர் வெள்ளை உருண்டை கொடுத்தார். மாடி வீட்டு பௌதி, அவளை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், அண்ணி மாதிரி, அவள் அம்பல் என்றாள். இந்த ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அம்பல்தான். புளிச்ச வயிறு.

"காலங்காத்தால சாம்பார் ஊத்துறீங்க. அந்தப் புளிக்குப் பிள்ளை வயிறு என்ன பண்ணும், தாதா?"

தாதா என்றால் இங்கே அண்ணன், தீதி என்றால் அக்கா. புளியை நிறுத்தினோம். கடையில் அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதித்தது. என் வீட்டில் வெறும் பருப்பு. வாந்தி நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் படிக்கிற ஒரு பெண், பள்ளிப் பிள்ளைகளின் மனசு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். ஏழாம் வகுப்புக்குக் கேள்வித்தாள் கொடுப்பாள். மார்க் கிடையாது. பேர் எழுத வேண்டாம். சரியான விடை, தப்பான விடை என்று எதுவும் இல்லை. பெற்றோர் சம்மதம் வேண்டும். மனைவி படித்துச் சொன்னாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் தீப்பிடித்தது. தப்பாக எழுதினால் பிள்ளை பேரில் பைல் போடுவார்களாம். ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் கிடைக்காதாம். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களாம். பேரே எழுதாத தாளை வைத்து யார் பேரில் பைல் போடுவார்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு சஜெஷன் வந்தது.

இங்கே பரீட்சைக்கு முன்னால் சஜெஷன் என்று ஒன்று உண்டு. எந்தக் கேள்வி வரும், என்ன விடை எழுத வேண்டும் என்று டியூஷன் சார் தாள் போட்டுக் கொடுப்பார். சஜெஷன் இல்லாமல் பரீட்சைக்குப் போகிற பிள்ளையை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. பி செக்‌ஷன் பிள்ளைகள் முதல் நாள் அந்தக் கேள்வித்தாளை எழுதினார்கள். என் மகளின் ஏ பிரிவுக்கு மறுநாள். சாயங்காலம் டியூஷனில் இருபது கேள்வியையும் ஞாபகத்திலிருந்து ஒப்பித்தார்கள். சார் விடை போட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஜெராக்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பௌதியே மாடியிலிருந்து இறங்கி வந்து கொடுத்தாள்.

ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். எல்லாவற்றுக்கும் கடைசிக் கட்டத்தில் டிக். ஏழு, பன்னிரண்டு, பதினைந்து மட்டும் முதல் கட்டம். அந்த மூன்றையும் சார் வட்டம் போட்டிருந்தார். பிள்ளைகள் ஏமாந்துவிடும் இடமாம்.

நான் தாளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். மகள் எதிரே. கேள்வி எனக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும்.

"ஏழு?"

"முதல் கட்டம்."

"எட்டு?"

"கடைசி."

"பன்னெண்டு?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, பன்னெண்டு?"

"கேள்வி என்னன்னு கேக்க மாட்டியாப்பா?"

"நம்பர் தெரிஞ்சாப் போதும்லா. சொல்லு."

"முதல் கட்டம்."

"ம். பதிமூணு?"

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். மனைவி அடுப்படியிலிருந்து, "விடுங்க, அவளுக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் திருப்தி. மகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு போய் இருபது கேள்விக்கும் சரியாக டிக் போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம். காலை டிபனுக்கும் மதியத்துக்கும் நடுவில் ஓடினேன். சட்டையில் எண்ணெய் வாடை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பௌதி. அவள் மகளும் அதே வகுப்பு.

பெரிய மிஸ் பேசினார். நம் பள்ளிப் பிள்ளைகள் மிக மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி சொல்கிறது என்றார். கைதட்டினார்கள். பிறகு ஆராய்ச்சிப் பெண் எழுந்தாள். சின்ன வயசு. அவள் முகத்தில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. கையில் கட்டாகத் தாள்.

"எனக்கு ஒண்ணு புரியல" என்று வங்காளத்தில் ஆரம்பித்தாள். "பி செக்‌ஷன்ல ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கு. அதுதான் இயல்பு. ஏ செக்‌ஷன்ல எல்லாத் தாளும் ஒண்ணுபோல இருக்கு. யாருக்கும் கவலை இல்ல, யாருக்கும் பயம் இல்ல. பன்னெண்டு வயசுப் பிள்ளைங்க. அப்படி இருக்குமா? யாராவது காரணம் சொல்ல முடியுமா?"

அம்மாக்கள் கைப்பையைப் பார்த்தார்கள். ஒருத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று காலை என் மகள் பள்ளி ஷூவிலேயே வாந்தி எடுத்திருந்தாள். நான்தான் கழுவினேன். ஈர ஷூவோடு போனாள். எனக்குச் சலிப்பாகிவிட்டது. எழுந்தேன்.

"சஜெஷன் வந்துச்சு, தீதி."

"என்ன வந்துச்சு?"

"சஜெஷன். உங்க கேள்விக்கு. டியூஷன் சார் போட்டது."

பௌதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க தாதா. உங்களுக்கு என்ன அம்பலா?"

ஆராய்ச்சிப் பெண் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்தெந்தக் கேள்விக்கு முதல் கட்டம்னு சொல்லிக் கொடுத்தாங்க?"

"ஏழு, பன்னெண்டு, பதினஞ்சு." எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பன்னெண்டாவது கேள்வி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு இங்கிலீஷ் வராது."

அவள் வங்காளத்தில் சொன்னாள். "பள்ளிக்குக் கிளம்பும் காலைகளில் என் வயிறு சரியில்லாமல் போகிறது."

நான் உட்கார்ந்தேன்.

ஒருபோதும் இல்லை. மூன்று தடவை என் முன்னால் சொன்னாள். மூன்றாவது தடவை நான் தலையை ஆட்டி ம் என்றேன்.

இத்தோடு எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாராவது நினைத்தால் அவர்கள் பள்ளிக்கூடத்தோடு பழகாதவர்கள். பெரிய மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பள்ளி மானத்தை நடுக்கூடத்தில் வாங்கலாமா என்று கேட்டார். என் மகள் வாந்தி எடுக்கிறாள் என்றேன். அதற்கு கவுன்சிலர் இருக்கிறார் என்றார். எப்போது வருவார் என்றேன். மாதத்தில் இரண்டு தடவை. இந்த மாதம் இரண்டும் முடிந்துவிட்டது. அதற்கும் ஒரு விண்ணப்பப் பாரம். பாரம் இங்கிலீஷில். நிரப்பிக் கொடுத்தால் வகுப்பு மிஸ் கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்தது. வகுப்பு மிஸ் லீவில் இருந்தார். கையெழுத்தோடு கொடுத்தால் பாரம் மாறிவிட்டது, புதுசு வேண்டும் என்றார்கள். தோசைக்கு மாவு கரைப்பதா, பாரத்தோடு அலைவதா. டியூஷன் சார் என்னைத் தெருவில் பார்த்து, "அடுத்த தடவை வேற வேற விடையா நாலு செட் போட்டுடறேன் தாதா, யாருக்கும் தெரியாது" என்றார். அவர் அதைச் சமாதானமாகச் சொன்னார். நான் நடையைக் கட்டினேன்.

பௌதி இரண்டு வாரம் பேசவில்லை. அது ஒன்றுதான் நிம்மதி.

ஆராய்ச்சிப் பெண் ஒரு நாள் கடைக்கே வந்தாள். கல்லுக்கு முன்னால் நின்றாள். ஏ செக்‌ஷன் தாள் எல்லாம் வீண், திரும்ப நடத்த அனுமதி கேட்டிருக்கிறேன், எப்போது கிடைக்குமோ என்றாள். அவளும் பாரத்தோடு அலைகிறவள்தான் என்று அப்போது தெரிந்தது.

"நான் ஆராய்ச்சி மட்டும்தான் பண்றேன். வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை இல்ல. கரியாஹாட் பக்கம் மனோதத்துவ டாக்டரான எங்க மேடம் சனிக்கிழமை பிள்ளைங்களோட பேசுவாங்க. உங்க மகளைக் கூட்டிட்டு வாங்க. வர்றதுக்கு முன்னால இதை அவ தனியா நிரப்பட்டும். நீங்க பக்கத்துல இருக்கக்கூடாது."

அதே கேள்வித்தாள். ஒரு கவர். ஒரு தோசை சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மகளிடம் தாளைக் கொடுத்தேன்.

"இதுக்கு சஜெஷன் இருக்காப்பா?"

"இல்ல."

"அப்போ எதைப் போட?"

"எனக்கென்ன தெரியும். உன் வயிறு."

மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. உள்ளே போனபோது தாள் கவருக்குள் இருந்தது. ஒட்டவில்லை. மகள் குளிக்கப் போயிருந்தாள்.

ஒட்டத்தான் எடுத்தேன். ஒரு சோற்றுப் பருக்கையும் கையில் இருந்தது. ஆனால் வெளியே இழுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவனுக்குக் கட்டம் தெரியுமே. ஜெராக்ஸில் மூன்று தவிர டிக் எல்லாம் வலப்பக்கம் வரிசையாக நின்றது. இதில் அப்படி இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. ஒன்பதில் ஒரு டிக்கை அடித்துவிட்டுப் பக்கத்தில் போட்டிருந்தாள். பன்னிரண்டில் நாலாவது கட்டம். பேனா அழுந்தி மறுபக்கம் தெரிந்தது.

கவரை ஒட்டினேன்.

சனிக்கிழமை ஆட்டோவில் போனோம். மேடத்தோடு ஒரு மணி நேரம் உள்ளே இருந்தாள். நான் நடையில் பெஞ்சில் இருந்தேன். திரும்பும்போது அவளே சொன்னாள். அவர்கள் வகுப்பில் வாராவாரம் டெஸ்ட் மார்க் வரிசையில் பெஞ்சு மாற்றுவார்களாம். மிஸ் பேரை வாசிப்பார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் உட்கார வேண்டும். இவள் ஒரு வருஷமாகப் பின்னால் பின்னால் நடந்துகொண்டிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கல."

இதைக் கேட்க ஒரு பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது.

பெஞ்சு மாற்றுவதை நிறுத்தச் சொல்லி மேடம் பள்ளிக்கு எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம். பெஞ்சு இன்னும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் நாங்கள் கரியாஹாட் போகிறோம். சாம்பாரில் புளியைத் திரும்பப் போட்டாயிற்று.

போன திங்கட்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மகள் சீருடையோடு குளியலறை வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ப்பா. பன்னெண்டு."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன்.

"எத்தனாவது கட்டம்?"

கொஞ்சம் யோசித்தாள்.

"மூணு" என்றாள்.

"சரி. உக்காரு. கொஞ்சம் கழிச்சுப் போலாம்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்குப் போன் பண்ணி, வர நேரமாகும், யாரையாவது கல்லில் நிற்கச் சொல்லுங்கள் என்றேன்.