கிரேஸ் அக்காவும் செல்லத்துரை அண்டாவும்

போன வியாழக்கிழமை காலை, பூச்சோங்கில் என் வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பண்டமாரானிலிருந்து கிரேஸ் அக்காவின் தம்பி பிலிப். "யோகம் அக்கா, அக்கா போயிட்டாங்க. தூக்கத்திலேயே லா. ஒரு கஷ்டமும் படல." அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை மூன்று வாரத்துக்கு முன்புதான் அவரிடம் சொல்லி முடித்திருந்தேன். இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் என் கதி என்னவாகியிருக்கும்?

எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்கா ரயில்வே டெலிபோன் ஆபரேட்டர்; பக்கத்து நாற்காலி என்னுடையது. ஞாயிறு காலையில் மெதடிஸ்ட் கோயிலில் பாடுவார், மாலையில் சோசலிஸ்ட் கூட்டத்துக்குப் போவார். இரண்டுக்கும் ஒரே சேலை. நாங்கள் யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா குடும்பம். அவரோடு சேர்ந்தால் போலீஸ் வந்து கதவைத் தட்டும் என்று என் அம்மாவுக்கு ஒரே பயம்.

குவார்ட்டர்ஸில் ஒரு பொது அண்டா இருந்தது. பெரிய பித்தளை அண்டா. கிராணி வீடு, தண்டவாளத் தொழிலாளி வீடு என்று பிரிக்காமல் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் போட வைத்து வாங்கியவர் அக்கா. அது இருந்த கொட்டகையின் சாவியும் அவரிடம்தான். ஒரு நாள் வேலை மந்தமாக இருந்தபோது அவரைச் சீண்டினேன்.

"சோசலிசம் சோசலிசம்ங்கிறீங்களே, எல்லாரும் ஏழையா இருக்கிறதுதானே அது?"

"போடி. நம்ம கிட்ட நாப்பது வீடு. வருஷத்துல ஒரு நாளு, ரெண்டு நாளுதான் ஒரு வீட்டுக்கு அண்டா வேணும். ஆளுக்கு ஒண்ணு வாங்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளி வைக்கலாம். வாங்க முடியாதவன் வேடிக்கை பார்க்கலாம். இல்லாட்டி ஒண்ண வாங்கி நாப்பது வீட்டுக்கும் பொதுவா வைக்கலாம். அவ்ளோதான் லா."

"பொதுவா வச்சா யார் கழுவுறது?"

"அதைத்தான் இன்னும் கூட்டத்துல பேசிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவர் பேச்சோடு நிற்கிறவர் இல்லை. தலைமைக் கிராணி தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே அண்டாவைச் சொல்லி வைத்திருந்தார். அதற்கு முந்தின நாள் பெய்த மழையில் ஆறு பொங்கி, தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். அக்கா அண்டாவை அங்கே உருட்டிக்கொண்டு போய்விட்டார். "நிச்சயத்துக்கு வாடகைச் சட்டி கிடைக்கும் சார். அங்க அடுப்பே முழுகிப் போச்சு" என்று தலைமைக் கிராணியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவர் ஒரு வருடம் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வெளியூருக்குப் போன் போட வேண்டுமென்றால் அக்காதான் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

அந்த வருடம்தான் என் அப்பா செல்லத்துரை இறந்தார். அவர் வேலைக்காகக் கொடுத்த வீடு என்பதால், முப்பது வருடம் இருந்த அதைக் காலி செய்தோம். என் வேலைக்கென்று குவார்ட்டர்ஸிலேயே ஒரு சின்ன வீடு கொடுத்தார்கள். வாசலில் இருந்த அப்பாவின் பெயர்ப் பலகையை ஒரு ஆள் வந்து கழற்றிக்கொண்டு போனான். வேறெங்கும் அவர் பெயர் இல்லை. அந்தச் சமயத்தில் அண்டாவுக்கு ஈயம் பூச வேண்டியிருந்தது. கிள்ளானில் இருந்த பாத்திரக் கடைக்கு நான் கொண்டு போகிறேன் என்றேன். கடையில் ஒருவர் உட்கார்ந்து சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. "அமரர் செல்லத்துரை நினைவாக" என்று விளிம்பில் வெட்டச் சொன்னேன். நாற்பது வீட்டு அண்டா அது.

அடுத்த குவார்ட்டர்ஸ் கூட்டத்தில் தண்டவாளத் தொழிலாளி வீரையா எழுந்தார். "எல்லார் வீட்டு அண்டாவுல கிராணி பேர் எப்படி வந்துச்சு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாது" என்றேன். அக்கா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "கடைக்காரரு ஏதோ துக்க வீட்டு அண்டான்னு நெனச்சு வெட்டிட்டாரு போல. நான் சரியா சொல்லி அனுப்பல. தப்பு என்னோடது." கிராணிகளுக்கு விலை போய்விட்டாள் என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. மறுவாரமே ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். பிறகு கல்யாணமாகி பூச்சோங் போனதும் அவரைப் பார்க்காமல் இருக்க வசதியாகிவிட்டது.

அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் மூன்று வாரத்துக்கு முன்பு பண்டமாரான் போனேன். உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டேன்.

"அந்தப் பேரு... நான்தான்க்கா வெட்டச் சொன்னேன்."

"தெரியும்டி. கூட்டத்துல உன் மூஞ்சிய நீ பார்க்கல, நான் பார்த்தேன்."

"அப்புறம் ஏன்க்கா பழிய ஏத்துக்கிட்டீங்க?"

"உங்கப்பா செத்து மூணு மாசம்கூட ஆகல. உனக்கு அந்தப் பேரு வேணும்போல இருந்துச்சு. யாருக்கு என்ன வேணும்னு பார்க்கலன்னா அப்புறம் என்ன சோசலிசம்? ஆனா உம்மேல கோவம்தான். பேருக்கு இல்ல. ஷிப்ட் மாத்திக்கிட்டு ஓடுனியே, அதுக்கு."

நான் நன்றாக அழுதேன். பிறகு அழுகையை மறைக்க, "ரஷ்யாவுல உங்க ஆளுங்க கடைய மூடிட்டாங்களாமே?" என்று பழையபடி சீண்டினேன். அக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க சாவி வச்சிருந்தவன் அண்டாவையே தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். பொதுன்னு பேரு, சாவி ஒருத்தன் கையில. நம்ம சாவி வருஷத்துக்கு ஒரு வீடு மாறுது, தெரியுமில்ல? நான் விட்டுட்டு வந்தப்புறம் வந்த பழக்கம் அது. நல்லதுதான் ஆச்சு." அவர் சொன்னதில் எனக்கு இன்னும் சந்தேகங்கள் உண்டு. ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.

அடக்கம் முடிந்து பிலிப் வீட்டுக்கு வந்தால், பின்கட்டில் அதே அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. கரண்டியோடு வீரையா நின்றார், தலை முழுக்க நரைத்துவிட்டது. குவார்ட்டர்ஸை உடைத்த பிறகு அண்டா இந்த ஊரில் ஒரு கொட்டகையில்தான் பூட்டி இருக்கிறதாம்; இந்த வருடம் சாவி வீரையாவிடம். "யோகம்மா, இத நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. உங்கப்பா பேருதானே இருக்கு" என்றார். அக்கா மன்னித்ததோடு விஷயம் முடியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு அக்கா இன்னும் தப்புச் செய்தவர்தான். சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படியே சொன்னேன். "வீரையா அண்ணே, அன்னிக்குப் பேர் வெட்டச் சொன்னது நான். கிரேஸ் அக்காவுக்கு அதுல சம்பந்தமே இல்ல."

அவர் கரண்டியை அப்படியே நிறுத்தினார். "நான்தானே அந்தம்மாவ நிக்க வச்சுக் கேட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளறினார். "போகட்டும்மா. இத யாரும் அண்டான்னு சொல்றதில்ல, தெரியுமா? 'செல்லத்துரைய கொண்டா, செல்லத்துரைய கழுவு'ம்பாங்க. உங்கப்பா எப்பவோ எங்க ஆளாயிட்டாரு."

அப்பாவுக்கு இப்படி ஒரு பெயர் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அண்டாவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வீரையா மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார், அதை வாங்கிக்கொண்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான், அதுவும் ஒரு வருடத்துக்கு மட்டும். அண்டா தேவைப்படுகிறவர்கள் எனக்குப் போன் போடுங்கள். அடுத்த வருடம் சாவி யார் வீட்டுக்கு என்பதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.