வாய்க்காலுக்கு ஒரு ஜீப்

இது பிணம் ஏற்றிய ஜீப்பைப் பற்றிய குறிப்பு. பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கி மாடிஃபை செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் படிக்கலாம். இன்ஜினுக்குத் தெரியுமா பின்னால் இருப்பது கூடாரமா பாடையா என்று?

1. தார் ரோடு முடியும் இடம்

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் ஷெட்டில் டிரைவராக இருந்தேன். உயிரோடு இருப்பவர்களையும் ஏற்றியிருக்கிறேன், அமரர் ஊர்தியும் ஓட்டியிருக்கிறேன். சொந்த ஊர் குடவாசல் பக்கம். தார் ரோடு எங்கள் தெரு முனையோடு முடிந்துவிடும். சுடுகாடு அதற்கு அப்பால், வயல்களைத் தாண்டி இருக்கிறது. நடுவில் பாதை கிடையாது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பாசன வாய்க்கால். கோடையில் செத்தவன் புண்ணியம் செய்தவன். காய்ந்த வயலில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

தவமணி அக்காவின் புருஷன் கார்த்திகை மழையில் செத்தார். அக்கா எங்கள் தெருவிலிருந்து நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். சுற்று வட்டாரத்தில் அவர் கைபடாத வயல் இல்லை. உடலைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் வேனில் கொண்டுவந்தேன். தெரு முனையில் வேன் நின்றது. வயல்காரரிடம் போய்க் கேட்டேன். ஊரில் எல்லோரும் அவரைப் பண்ணை என்பார்கள். என் அப்பா அவரை ஐயா என்று கூப்பிடுவார். நான் சார் என்று கூப்பிடுவேன்.

"சார், ஓரமா வரப்புலயே போயிடுறோம்."

"நட்ட வயல்ல பொணம் போகலாமாப்பா? எப்பவும் போல வாய்க்கால்லயே போங்க."

போனோம். வாய்க்காலில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. மதகுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். முன்னால் பிடித்திருந்தவன் அதில் காலை வைத்தான், பாடை சாய்ந்தது. உடல் நழுவித் தண்ணீரில் மிதந்து போனது. நாங்கள் நீந்திப் போய்ப் பிடித்தோம். தெரு முனையில் பெண்களோடு நின்று அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"முருகையா, எத்தனையோ பேரை ஏத்துற இறக்குற. எனக்கு இந்தக் கதி வேணாம்ப்பா. நனையாம கொண்டுபோய்ச் சேரு. அது போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று எனக்கு வந்த கோபம் இன்று வரை ஆறவில்லை. வாய்க்கால்லயே போங்க என்றாரே, அந்த வாய்க்காலிலேயே வண்டி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

2. அதிராம்பட்டினத்தில் ஒரு ஜீப்

அதிராம்பட்டினத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பூதலூர் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். டிராக்டர், ஜீப் வேலையில் அவன் கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். ஜீப்பின் சொந்தக்காரர் ரஹீம் பாய். துபாயில் இருக்கும் மகன் லீவுக்கு வரும்போது கடற்கரையில் ஓட்டுவதற்காக வாங்கியதாம். பெயின்ட் பளபளவென்று இருந்தது.

பிள்ளைகளே, பழைய ஜீப் வாங்கப் போனால் பெயின்டைப் பார்க்காதீர்கள். அடியில் படுங்கள். கடலோரத்து வண்டி என்றால் உப்பு சேஸிஸைத் தின்றிருக்கும். செல்வம் சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனான். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். பின் பக்கம் ஒரு இடத்தில் மட்டும் மொத்தென்று சொன்னது. வெல்ட் வைத்தால் போதும் என்றான். பிறகு நான் ஃபோர் வீல் லீவரைப் போட்டு மணலில் ஓட்டினேன். பின் சக்கரம் மணலை வாரி இறைத்தது. முன் சக்கரம் நமக்கென்ன என்று இருந்தது. செல்வம் மறுபடியும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பாய், முன்னாடி புரொப்பல்லர் ஷாஃப்டே இல்ல. இது எந்த ஊரு ஃபோர் வீலு?"

"அதுவா? சத்தம் போடுதுன்னு மவன் கழட்டிப் போட்டுட்டான் தம்பி. எங்கேயும் போவல, இங்கேதான் கெடக்கு."

கிடந்தது. இன்ஜின் இழுவையை முன் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் அந்த இரும்புத் தண்டைத் தேங்காய் குடோன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்ததும் கதவு சாய்ந்தது. வேறு கட்டை தேடிக் கொடுத்துவிட்டு ஷாஃப்டை வாங்கிக்கொண்டோம். இதுபோல் ஷாஃப்ட் இல்லாமல் ஃபோர் வீல் என்று விற்கிற வண்டிகள் நிறைய இருக்கின்றன. லீவர் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

விலை பேச உட்கார்ந்தபோது எதற்கு ஜீப் என்று பாய் கேட்டார். சொன்னேன்.

"மய்யித்தத் தூக்கிட்டுப் போக வழியில்லன்னா சொல்றீங்க? இந்தக் காலத்துலயா? இதுக்கு நான் பேரம் பேசுனா நல்லா இருக்காது. அதுக்குன்னு சும்மாவும் குடுக்க மாட்டேன்."

நியாயமான விலை சொன்னார். சும்மா கொடுத்திருந்தால் எனக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

வீட்டில் என் மனைவி மலர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "ஊர்ல உள்ளவன் வண்டி வாங்குனா மொத சவாரி வேளாங்கண்ணி, நாகூருன்னு போறான். எனக்கு வாய்ச்சது சுடுகாட்டுக்கு வாங்கியிருக்கு" என்றாள். ஆனால் எலுமிச்சம்பழம் வைத்தவளும் அவள்தான்.

3. மாடிஃபிகேஷன்

முதலில் டயர். கடைக்காரர் அகல டயரைக் காட்டி, "இதப் போடுங்கண்ணே, கெத்தா இருக்கும்" என்றார். அகல டயர் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். எங்கள் வாய்க்காலில் மேலே வண்டல், அடியில் ஆற்று மணல். மணலைத் தொட்டால்தான் வண்டி நகரும். ஒல்லியாக, உயரமாக, மண்ணைக் கவ்வும் ரப்பர் பட்டன் பெரிதாக உள்ள டயர் வாங்கினேன். ஜீப் கொக்கு மாதிரி நின்றது. தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

அடுத்தது ஸ்னார்க்கல். இன்ஜின் மூச்சுவிடும் வழியைக் கூரைக்கு மேல் ஏற்றும் குழாய். அதைவிட முக்கியமான ஒன்றைப் பலபேர் விட்டுவிடுவார்கள். இரண்டு ஆக்ஸிலிலும் ப்ரீதர் என்று ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். அதற்கு ஹோஸ் மாட்டி மேலே இழுத்துக் கட்டாவிட்டால் டிஃபரென்ஷியல் ஆயிலில் தண்ணீர் புகுந்து மோர் மாதிரி ஆகிவிடும்.

கதவுகளைக் கழற்றினோம். அடித்தட்டில் ஓட்டை போடச் சொன்னேன். செல்வத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"தண்ணி உள்ள வரும்ணே!"

"வரட்டும். தண்ணி உள்ள வரலன்னா வண்டி மெதக்கும். மெதந்தா ஸ்டியரிங்க வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்ப நீங்க?"

"நான் நனையலாம்டா. நனையாம சேப்பேன்னு எனக்கு யாரும் வாக்குக் குடுக்கல."

பாடைக்கு மட்டும் உயரமாக இரண்டு தண்டவாளம் வெல்ட் செய்தோம். ஜீப் குட்டை, பாடை நீளம். அதனால் பக்கத்து சீட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. பாடை வைத்தால் தலை என் இடது தோளுக்கு அருகில் வரும். இந்த ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரே ஆள் செத்தவர்தான்.

கோடையில் வாய்க்கால் வறண்டதும் தவமணி அக்கா தன் நடவு ஆட்களோடு இறங்கினார். உடைந்த செங்கல்லைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து மதகுப் பள்ளத்தை நிரப்பினார்கள். சுடுகாட்டுக் கரையில் ஏறுவதற்கு ஒரு சரிவும் வெட்டினார்கள். தன் சாவுக்குத் தானே பாதை போட்ட மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் பாடைத் தண்டவாளத்தைக் கையால் ஆட்டிப் பார்த்து, "எனக்கு இது தாங்கும்" என்றார்.

4. வாய்க்காலில்

சில வருஷம் கழித்து அக்கா போனார். சொல்லிவைத்தாற்போல் அதே மழைக்காலம். வயலில் பயிர், வாய்க்காலில் நிறைய தண்ணீர்.

மூத்த மகன் என்னிடம் வந்தான். "வண்டியில ஏத்துனா, பெத்தவளத் தோள்ல சுமக்கலன்னு ஊரு பேசும்ணே."

"உங்கப்பன் தண்ணியில போனப்ப ஊரு என்னடா பேசுச்சு?"

அண்ணனும் தம்பியும் இரண்டு பக்கமும் ஃபுட்போர்டில் நின்று, ஆளுக்கொரு கையால் பாடையைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்று முடிவாயிற்று. மேலே தார்ப்பாய் கட்டினோம். மற்றவர்கள் பின்னால் தண்ணீரில் நடந்தார்கள்.

ஜீப்பை இறக்கப் போகும்போது பண்ணை குடையோடு கரையில் ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு வாய்க்கால்ல வண்டிய எறக்குற? கரை ஒடைஞ்சா என் பயிரு என்னாவுறது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க, வாய்க்கால்லயே போங்கன்னு."

"ஆளப் போவச் சொன்னேன்யா. வண்டியவா விடச் சொன்னேன்?"

"ஆளுதான் சார் போவுது. உங்க பயிர நட்ட ஆளு."

அவர் குடையை மாற்றிப் பிடித்தார். நான் காத்திருக்கவில்லை. மெதுவாகப் போனாலும் இழுவை கூடும் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு இறக்கினேன்.

தண்ணீருக்குள் ஒரே விதிதான். ஆக்சிலரேட்டரில் வைத்த காலை எடுக்கவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. வண்டி முன்னால் தள்ளும் அலையின் பின்னாலேயே போக வேண்டும். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தது. மதகருகே பின் சக்கரம் சுழன்றது, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. இங்கே இன்ஜின் நின்றால் அக்காவை மறுபடியும் தண்ணீரில்தான் தூக்க வேண்டும். காலை அசைக்கவில்லை. முன் சக்கரம் செங்கல்லைக் கவ்வியது. அந்த இழுவையை ஸ்டியரிங்கில் உணர்ந்தபோது நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது.

சரிவில் ஏறி நின்றதும் மூத்தவன் தார்ப்பாயை விலக்கித் தாயின் காலைத் தொட்டுப் பார்த்தான். சேலைக் கொசுவத்தைத் தொட்டுப் பார்த்தான். "நனையலண்ணே" என்றான். அப்புறம்தான் அழுதான். நானும் அழுதேன். கரை எங்கேயும் உடையவில்லை.

5. பாராட்டு

யாரோ செல்போனில் எடுத்த வீடியோ எங்கெங்கோ போயிற்று. தஞ்சாவூரிலிருந்து ஜீப் வைத்திருக்கும் பையன்கள் வந்தார்கள். ப்ரீதர் ஹோஸை போட்டோ எடுத்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவன், "அண்ணே, நீங்க ஆஃப் ரோடு எங்க போவீங்க?" என்று கேட்டான். "ரோடு இல்லாததுனால போறோம் தம்பி" என்றேன். அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

பிறகு ஒரு அதிகாரி சால்வையோடு வந்தார். அவர் கார் தார் ரோடு முடியும் இடத்தில் நின்றது. என் முயற்சி எல்லோருக்கும் முன்னுதாரணம் என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்னுதாரணமாம்! ஊருக்கு ஊர் ஸ்னார்க்கல் மாட்டச் சொல்கிறாரா?

"சால்வைய அப்புறம் போடுங்க சார். வாய்க்கால்ல தண்ணி ஓடுது. சுடுகாடு வரைக்கும் ஒரு தடவ வந்து பாருங்க, ஏறுங்க" என்றேன்.

அவர் ஜீப்பைப் பார்த்தார். "பக்கத்து சீட் இல்லையே?"

"இல்ல சார். பாடை வைக்கிற எடத்துலதான் ஒக்காரணும்."

அவர் ஏறவில்லை. இன்னொரு நாள் வருவதாகச் சொன்னார்.

வண்டியை மாற்றும் முன் எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பதுதான் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம். எனக்கு அது தெரிந்திருந்தது. ஜீப்பை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். சுடுகாட்டுக்கு ரோடு போடட்டும், ஸ்னார்க்கலைக் கழற்றி, பக்கத்து சீட்டை மாட்டி, மலரை வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகிறேன். அதுவரை அந்த சீட் வீட்டுக் கொல்லையில்தான் கிடக்கும். மலர் அதில்தான் உட்கார்ந்து மீன் கழுவுகிறாள்.