நான் கூப்ட்டா மறையுற தீவு

இத எழுதவே வேணாம்னு தான் இருந்தேன், படிச்சிட்டு நீங்க என்ன ஓட்டுவீங்க.

எனக்கும் அடுத்த தெரு சீனுவுக்கும் ஹாம் ரேடியோ பைத்தியம், வீட்லேர்ந்தே உலகத்துல எங்கியோ இருக்கிற ஆளுங்கள ரேடியோவுல கூப்ட்டு புடிக்கிறது. கம்ப்யூட்டரே எழுத்த ரேடியோவுல அனுப்பும். பதினஞ்சு செகண்டு அனுப்பணும், அடுத்த பதினஞ்சு செகண்டு கேக்கணும். அன்னிக்கு ஆளே இல்லாத ஒரு தீவுக்குப் போன குழுவ புடிக்க உலகமே மோதிகினு இருந்துச்சி. சாயங்காலம் அவங்க கெளம்பிடுவாங்க.

நான் கூப்ட்டா தீவு அனுப்புற எழுத்து ஸ்கிரீன்ல காணாம போவுது, நிறுத்தினா வருது. இன்னாடா இது, கண்ணாமூச்சியான்னு பவர ஏத்தினேன்.

சீனு போன் பண்ணான். "எனக்குத் தீவே வரலடா."

"உன் டப்பாவ காயலாங்கடையில போடு பாவா."

அவங்க கெளம்ப அரை மணி நேரம் பாக்கி இருக்கும்போது தான் செட்டிங்க பாத்தேன். முறை தப்பி, தீவு அனுப்புற அதே பதினஞ்சு செகண்டுல நானும் கத்திகினு இருந்திருக்கேன். எனக்கும் கேக்கல, அந்தச் சத்தத்துல பக்கத்துல இருக்கிற சீனு ரேடியோவும் செவிடாயிடுச்சி. அவன் ரெண்டு வருஷமா காத்துகினு இருந்த தீவு அது.

திட்டட்டும்னு எல்லாத்தையும் மெசேஜ்ல ஒத்துக்கினேன். அவன் ஏன் இப்படி பதில் போட்டான்னு இன்னும் எனக்குப் புரியல:

"முறைய மாத்திட்டு மொதல்ல நீ கூப்புடு, நான் நிறுத்திக்கினேன்."